கோழி கொத்தினா என்ன கோடு? கால் சென்டர் நம்ம பக்கம் வந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிப்போம். டபிள்யூ 61.33. பஸ் நம்பர் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. அமெரிக்காவில் ஒருத்தரைக் கோழி கொத்தி, காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனா, அந்தக் காயம் எப்படி வந்ததுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ற கோடு அது. நிஜமாவே இருக்கு, தேடிப் பாருங்க.

இதை ஏன் சொல்றேன்னா, தினமும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புற நாமக்கல் மாவட்டத்தில், கோழிப் பண்ணை வீட்டுப் பிள்ளைங்க பலர் இன்னைக்கு இந்த மாதிரி கோடுகளை மனப்பாடம் பண்ணித்தான் சம்பாதிக்கிறாங்க. எருமப்பட்டியில் பஸ் ஏறி நாமக்கல்லில் இறங்கினா, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி 'மெடிக்கல் கோடிங் பயிற்சி' போர்டு கண்ணுல படாம இருக்காது. இருபது வருஷத்துக்கு முன்னாடி அதே இடத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டு இருந்திருக்கும்.

கால் சென்டர்னு சொன்னதும் உங்களுக்கு வர்ற படம் வேற. பெங்களூர் இல்லைன்னா குர்கான். ராத்திரி ரெண்டு மணி, கண்ணாடிக் கட்டடம், காதுல ஹெட்செட், வேணு 'வின்சென்ட்' ஆகிப் பேசுற இங்கிலீஷ். 2005-ல் தாமஸ் ஃப்ரீட்மனோட 'உலகம் தட்டையானது' புத்தகமும், சேத்தன் பகத்தோட கால் சென்டர் நாவலும் ஒரே வருஷம் வெளிவந்து அந்தப் படத்தை நம்ம மனசுல ஆணி அடிச்சு மாட்டிருச்சு. அந்தப் படம் பொய் இல்லை. ஆனா அது நம்ம பக்கம் வந்த கதையும் இல்லை. சேலம், நாமக்கல் சமவெளிக்கு அந்தத் தொழில் வந்தப்போ பாதி வேலையில் பேச்சே இல்லை. மீதிப் பாதியில் பேச்சு தமிழ்ல இருந்தது.

போன் கிடைக்காத காலம்

முதல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். 1980-களில் வீட்டுக்குப் போன் வேணும்னா எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். 1984-ல் சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையம் தொடங்கி, சாம் பித்ரோடா தலைமையில் நம்ம தூசிக்கும் வெயிலுக்கும் தாங்குற, ஏ.சி. இல்லாம ஓடுற சின்ன எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கினாங்க. அதுக்குப் பின்னாடிதான் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத் ஊர் ஊரா வந்தது. ராத்திரி 11 மணிக்கு மேல கால் கட்டணம். லாரி ஓட்டுற அப்பா நாக்பூர்ல இருந்து பேசுறதுக்காக நாமக்கல் பக்கம் எத்தனை குடும்பம் அந்த நேரம் வரைக்கும் முழிச்சிருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தொலைவுல இருக்கிறவனோட ராத்திரியில் பேசுறது நம்ம ஊருக்குப் புதுசே இல்லை.

ஆனா வெளிநாட்டு லைன் என்பது வேற சமாச்சாரம். அது முழுக்க வி.எஸ்.என்.எல். என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கையில். விலை அதிகம். அதனால 1990-களில் வெளிநாட்டு வேலை இந்தியாவுக்கு வந்தப்போ அது குரலா வரலை, காகிதமா வந்தது. சுவிஸ்ஏர் தன் டிக்கெட் கணக்குகளைச் சரிபார்க்க மும்பையில் ஒரு அலுவலகம் போட்டது. 1996-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதே மும்பையில் தன் பின்னணி வேலைக்கு ஒரு கம்பெனி தொடங்கியது. அதுதான் பின்னாளில் டபிள்யூ.என்.எஸ். 1997-ல் ஜி.இ. கேபிடல் குர்கானில் கடை விரிச்சது. அதுதான் இன்னைக்கு ஜென்பேக்ட். அமெரிக்கன் எக்ஸ்பிரஸிலும் ஜி.இ.யிலும் இந்த வேலையைக் கட்டி எழுப்பிய ராமன் ராய், 2000-ல் சொந்தமா ஸ்பெக்ட்ராமைண்ட் ஆரம்பிக்க, 2002-ல் விப்ரோ அதை வாங்கியது.

காகிதம் குரலா மாறினதுக்குக் காரணம் கொள்கை. 1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை. 2002 ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்தது. லைன் விலை இறங்க இறங்க, அமெரிக்கப் பகல் இந்திய ராத்திரிக்குள்ள வந்து உட்கார்ந்துக்கிச்சு. நியூயார்க்கில் காலை 9 மணின்னா நமக்குச் சாயங்காலம் 6.30, குளிர்காலத்தில் 7.30. பொழுது சாயுற நேரத்தில் வேலைக்குக் கிளம்பணும்.

ராத்திரி யாருக்குச் சொந்தம்?

இங்க ஒரு விஷயம். கால் சென்டர் வரலாற்றுல இதை யாரும் அதிகம் பேசுறதில்லை, நான் முக்கியமா நினைக்கிறேன்.

1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 66-ஆம் பிரிவு. பெண்களைக் காலை 6 மணிக்கு முன்னாடியும் இரவு 7 மணிக்குப் பின்னாடியும் வேலை வாங்கக் கூடாதுன்னு இருந்தது. பாதுகாப்புக்குன்னு வந்த சட்டம்தான். ஆனா நூற்பாலைகளில் ராத்திரி ஷிப்ட் ஆம்பளைங்களுக்கு மட்டும்னு ஆனா, பொம்பளைங்களுக்குக் கிடைக்கிற வேலை, மணி நேரம், கூலி எல்லாம் சுருங்கும். இந்தத் தடையை எதிர்த்து வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது: இந்தத் தடை சமத்துவத்துக்கு விரோதம், செல்லாது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யுங்க, வேலையைத் தடுக்காதீங்க.

கால் சென்டர் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வரலை, கடைகள் சட்டத்துக்குள் வந்தது. அதுக்குத் தனியா விதிவிலக்குகள் கொடுத்தாங்க. ஆனா வாதம் ஒண்ணுதான். பெண் ராத்திரி வேலைக்குப் போகலாமா, போனா யார் பொறுப்பு? பெங்களூர் ஐ.டி. பெண்களுக்கு முன்னாடியே இந்தக் கேள்வி எழுந்தது பஞ்சாலைத் தூசியில. வீட்டு வாசலில் கம்பெனி கேப் வந்து நிக்குதே, அதுக்குப் பின்னாடி மில்லில் நூல் கட்டின பெண்களும் இருக்காங்க.

பதில் சுலபமா வரலை. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்குக் கிளம்பிய ஒரு கால் சென்டர் ஊழியரை கேப் ஓட்டுநர் என்று வந்தவனே கொலை பண்ணினான். அதுக்கு அப்புறம்தான் ஓட்டுநர் விவரம் சரிபார்க்கணும், கடைசியா இறங்குறது பெண்ணா இருந்தா கூட ஒரு காவலர் போகணும் என்பதெல்லாம் கண்டிப்பாச்சு. நம்ம ஊர்ப் பக்கம் எத்தனையோ அப்பாக்கள் 'அந்த வேலை வேண்டாம்'னு சொன்னது அந்த மாதம்தான்.

சென்னை வரைக்கும் வந்த ரயில்

2000, 2001 வாக்கில் சென்னைக்கு நல்ல வேட்டை. சதர்லேண்ட் வந்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி ஸ்கோப் என்ற பேரில் தன் பின்னணி அலுவலகத்தைத் திறந்தது. உலக வங்கியே தன் கணக்கு வேலையில் ஒரு பங்கைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. நம்ம மாவட்டத்துக் காலேஜ் பிள்ளைங்க பெருங்குடிக்கும் வேளச்சேரிக்கும் போய் ஆறு பேர் ஒரு ரூம் எடுத்துத் தங்கினாங்க. இதைக் கேக்குற உங்கள்ல பல பேர் அந்த ரூம்களின் இரண்டாம் தலைமுறை.

அந்தக் காலத்து நாமக்கல் எப்படி இருந்தது? சேலத்திலிருந்து பிரிஞ்சு 1997 ஜனவரியில்தான் தனி மாவட்டம் ஆச்சு. லாரி, பாடி கட்டுற பட்டறை, முட்டை, திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி. கூடவே ஹாஸ்டல் வெச்ச பிளஸ் டூ பள்ளிக்கூடங்கள், இன்ஜினியரிங் காலேஜ்கள். தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைங்களைக் கொண்டுவந்து விட்டு மார்க் வாங்க வெச்ச ஊரு. டிகிரிக்குப் பஞ்சம் இல்லை. டிகிரிக்கேத்த வேலைதான் இல்லை. இன்னொரு பக்கம், காலேஜ் வரைக்கும் போக முடியாத பெண்களுக்கு, 'மூணு வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பாரு, முடிவுல கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகை'ன்னு சுமங்கலித் திட்டம். கொங்கு மாவட்டங்களிலும் திண்டுக்கல் பக்கமும் அது எப்படி நடந்ததுன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. வெளியே போக முடியாது, போன் பேச முடியாது, நடுவுல விட்டா தொகையும் போச்சு. ஊர்லயே உட்கார்ந்து பார்க்கிற ஒரு கம்ப்யூட்டர் வேலைன்னா என்ன அர்த்தம்னு புரியணும்னா, அதுக்குப் பக்கத்துல இருந்த இந்த இன்னொரு வழி எதுன்னும் தெரியணும்.

ஊருக்கே கொண்டுவந்தா என்ன?

இந்தக் கேள்வியை முதல்ல கேட்டது ஐ.ஐ.டி. மெட்ராஸ் பக்கம். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, கார்டெக்ட்னு ஒரு ஒயர்லெஸ் தொழில்நுட்பத்தை வெச்சுக் கிராமத்துல இன்டர்நெட் மையங்கள் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஜாதகம், ரிசல்ட், மனு டைப் பண்றது, இதெல்லாம் நடந்தது. ஆனா அதுல கடைக்காரருக்கு மாச வாடகை தேறலை. அப்போ வேலையையே அந்த லைன் வழியா அனுப்பினா?

டெல்லிப் பெண் சலோனி மல்ஹோத்ரா அந்த யோசனையோட இங்க வந்து, ஐ.ஐ.டி.யின் கிராமப்புறத் தொழில் வளர்ப்பகத்தில் இருந்து 2007-ல் தேசிக்ரூ என்ற கம்பெனியைத் தொடங்கினாங்க. தமிழ் தெரியாது. திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி, ஈரோடு மாவட்டம் ஆப்பக்கூடல்னு மையங்கள். வேலை என்ன? டேட்டா என்ட்ரி, இன்சூரன்ஸ் படிவம், தமிழ்ல மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கடையில் ரெண்டு கம்ப்யூட்டர் என்ற பழைய முறையை விட, ஒரே இடத்தில் ஐம்பது பேர் உட்கார்ற முறைதான் நிலைச்சது. தரம் பார்க்க ஆள் வேணும், ரகசியம் காக்கப் பூட்டு வேணும், ஜெனரேட்டர் வேணும். அதே காலத்தில் கிருஷ்ணகிரியில் கலெக்டரா இருந்த சந்தோஷ் பாபு, படிப்பை நடுவுல விட்டவங்களுக்குப் பயிற்சி கொடுத்து ஃபாஸ்டெரா என்ற ஊரக பி.பி.ஓ.வைத் தொடங்கி வைச்சார். ரூரல் ஷோர்ஸ் கர்நாடகத்துப் பாகேபள்ளியில் ஆரம்பிச்சு நம்ம வேலூர் பக்கம் ரத்தினகிரிக்கும் வந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு ஊரக பி.பி.ஓ. கொள்கையே வெளியிட்டது. முதலீட்டுக்கும் பயிற்சிக்கும் மானியம்.

கொள்கை வந்தது, கரண்ட் போச்சு. அந்த வருஷங்கள் ஞாபகம் இருக்கா? 2012-ல் கிராமத்துப் பக்கம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல மின்வெட்டு. தறி நின்னது, பம்ப் செட் நின்னது. மணிக்கு இத்தனை படிவம் முடிச்சுத் தரணும்னு ஒப்பந்தம் போட்ட ஒரு சின்னக் கம்பெனி டீசல் ஊத்தி எத்தனை நாள் ஓட்டும்? ஊரக பி.பி.ஓ. ஏன் நினைச்ச அளவு பரவலைன்னு பேசும்போது 'கிராமத்துப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வரலை'ன்னு ஈஸியா சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. டீசல் பில்லையும் பாருங்க. சென்னையில் இருந்த பெரிய கம்பெனி, பெரிய வாடிக்கையாளரைத் தன்கிட்ட வெச்சுக்கிட்டு, லாபம் குறைஞ்ச வேலையை மட்டும் கீழே தள்ளி விட்டதையும் பாருங்க.

மத்திய அரசும் பின்னாடி ஒரு திட்டம் போட்டது, இந்தியா பி.பி.ஓ. ஊக்குவிப்புத் திட்டம். மொத்தம் 48,300 இருக்கைகள், ஒரு இருக்கைக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் உதவி, 493 கோடி ஒதுக்கீடு. சென்னை, பெங்களூர் மாதிரிப் பெருநகரங்களுக்குக் கிடையாது, சின்ன ஊர்களுக்குத்தான். பெண்களை அதிகமா எடுத்தா கூடுதல் தொகை. சேலம், ஓசூர், மதுரை மாதிரி ஊர்களில் இதில் இருக்கைகள் வந்தது.

வெங்காயத்துல கோழிக்கால்

இப்போ தமிழ்ப் பேச்சுக்கு வருவோம்.

2004 ஜனவரியில் மத்திய அரசு கிசான் கால் சென்டர் ஆரம்பிச்சது. விவசாயி தன் மொழியில் போன் பண்ணிக் கேக்கலாம், இலவசம், எடுக்கிறவங்க விவசாயப் பட்டதாரிங்க. எருமப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருத்தர் கூப்பிட்டு 'சின்ன வெங்காயத்துல கோழிக்கால் விழுந்துருச்சுங்க'ன்னு சொல்றார்னு வெச்சுக்கோங்க. வெங்காயத் தாள் முறுக்கிக்கிட்டு வளையுற நோய்க்கு நம்ம பக்கம் கோழிக்கால் நோய்னு பேர். விவசாயப் புத்தகத்துல இங்கிலீஷ்ல வேற பேர் இருக்கும். இந்த வார்த்தை தெரியாத ஆள் அந்த சீட்டுல உட்கார்ந்தா கதை கந்தல். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓட ஆரம்பிச்சப்போ இதே பிரச்சினை உயிர்ப் பிரச்சினை. தமிழ்நாட்டுல எத்தனை புதுப்பாளையம், எத்தனை மேட்டுப்பட்டி! அழுதுக்கிட்டே பேசுறவங்ககிட்ட 'எந்தத் தாலுகாங்க, பக்கத்துல என்ன கோயில் இருக்கு, எந்த பஸ் வரும்'னு நிதானமாக் கேட்டு இடத்தைப் பிடிக்கிறது ஒரு தனித் திறமை. அமெரிக்க உச்சரிப்புப் பயிற்சிக்கு நடந்த ஆரவாரத்துல பத்துல ஒரு பங்கு இந்தத் திறமைக்கு நடந்திருக்கா?

அதே சமயம் செல்போன் கம்பெனிகள். ஏர்டெல் 2004-ல் தன் கம்ப்யூட்டர் வேலையை ஐ.பி.எம்.முக்கும் நெட்வொர்க்கை எரிக்சனுக்கும் கொடுத்தது. வாடிக்கையாளர் சேவையும் வெளியே போனது. ரீசார்ஜ் 10 ரூபாய்க்கு வந்ததும், 'பேலன்ஸ் ஏன் குறைஞ்சது'ன்னு கேக்குறவங்க லட்சக்கணக்கில் வந்தாங்க. அவங்ககிட்டத் தமிழ்ல பேச ஆள் வேணும். கோயம்புத்தூர், மதுரை மாதிரி ஊர்களுக்கு உள்நாட்டு கால் சென்டர் வந்தது இப்படித்தான். சம்பளம் அமெரிக்க வேலையை விடக் குறைவு, திட்டு மட்டும் தாராளம். அமெரிக்கர் திட்டினா அர்த்தம் பாதிதான் புரியும். நம்ம ஆள் தமிழ்ல திட்டினா ஒரு எழுத்து விடாமப் புரியுமே.

சேலத்திலிருந்து ஒஹையோவுக்கு

இனி அந்தக் கோழிக் கோடு. சேலத்தில் சோனா கல்லூரிக் குடும்பத்தைச் சேர்ந்த சொக்கு வள்ளியப்பா 2000-ல் தொடங்கிய வீ டெக்னாலஜிஸ், அமெரிக்க மருத்துவ பில்லிங் வேலையைச் சேலத்துக்குக் கொண்டுவந்த முக்கியமான நிறுவனம். சென்னை, திருச்சி, கோவைன்னு இந்தத் தொழில் தமிழ்நாட்டில் வேர் பிடிச்ச அளவுக்கு வேற எங்கேயும் பிடிச்சிருக்குமான்னு சந்தேகம்.

வேலை எப்படி நடக்குது? ஒஹையோவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துக் குறிப்பு எழுதுறார். அந்தக் குறிப்பு ராத்திரியோட ராத்திரியா இங்க வருது. கோடர் அதைப் படிச்சு, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை எண்களா மாத்துறார். அதை வெச்சு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் போகுது. கம்பெனி ஏதாவது காரணம் சொல்லி மறுக்கும், அதுதானே அவங்க தொழில்! அப்போ 'ஏ.ஆர். காலர்' என்ற ஆள் இங்கிருந்து ராத்திரியில் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, ஏன் பணம் வரலைன்னு கேக்கணும். கவனிங்க, இவர் நோயாளிகிட்டப் பேசுறதில்லை. கம்பெனிகிட்டப் பேசுறார். அந்தப் பக்கம் போனை எடுக்கிறவர் மணிலாவில் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. சேலத்துக்காரரும் மணிலாக்காரரும் விடிய விடிய வாதாடுவாங்க. பணம் ஒஹையோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவுல நகரும்.

2015 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்கா பழைய கோடுத் தொகுப்பை விட்டுட்டு ஐ.சி.டி.-10-க்கு மாறியது. சுமார் 14,000 நோய்க் கோடுகள் இருந்த இடத்தில் சுமார் 69,000. கோழி கொத்தினது தனி, வாத்து கடிச்சது தனி. அமெரிக்க டாக்டர்கள் தலையில கை வெச்சாங்க, நம்ம ஊர்ல பயிற்சி மையம் திறந்தாங்க. நர்சிங், பார்மசி, பயோடெக், விலங்கியல் படிச்சிட்டு வேலை இல்லாம இருந்தவங்களுக்கு உடம்பின் பாகங்கள் தெரிஞ்சதே முதலாச்சு. உச்சரிப்பு தடையில்லை. படிச்சுப் புரிஞ்சுக்கிற இங்கிலீஷ் போதும். தமிழ் மீடியத்துப் பிள்ளைங்க உள்ளே நுழைஞ்ச வாசல் இதுதான்.

ஆப்பிரிக்கப் பக்கம் ஒரு எட்டு

நம்ம கதை தனிக் கதைன்னு நினைச்சுக்காதீங்க. 2002-லயே நியூயார்க் நகரத்துல குப்பை, சத்தம் மாதிரி விஷயங்களுக்குப் போட்ட அபராதச் சீட்டுகளை கானாவின் அக்ராவில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏத்தினாங்க. கென்யாவுக்குக் குரல் வேலை மேல பெரிய ஆசை. ஆனா 2009 வரைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடலடிக் கேபிளே இல்லை, எல்லாம் செயற்கைக்கோள், விலை யானை விலை. நைரோபியில் நிக்கலஸ் நெஸ்பிட் நடத்திய கென்கால் அந்த நிலைமையிலயும் ஓடியது. 'விஷன் 2030' என்ற நாட்டுத் திட்டத்திலேயே பி.பி.ஓ. ஒரு தூண்னு எழுதி வெச்சாங்க. 2009-ல் சீகாம் கேபிள் வந்தது. கேபிள் வந்தா வேலை தானா வரும்னு நம்பினாங்க. அந்த அளவு வரலை. அதுக்குள்ள இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சந்தையைப் பிடிச்சிருந்தது. 2010 வாக்கில் குரல் வேலையில் நம்மையே பிலிப்பைன்ஸ் முந்திருச்சு. கென்யக் கம்பெனிகள் பல உள்நாட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பின. நம்ம கோயம்புத்தூர், மதுரை பண்ணின அதே காரியம்.

இன்னொண்ணு கேளுங்க. 2010-ல் ஏர்டெல் ஆப்பிரிக்காவில் ஜெயின் நிறுவனத்தின் 15 நாட்டு வியாபாரத்தை 10.7 பில்லியன் டாலருக்கு வாங்கியது. வாங்கின கையோட அங்க இருந்த வாடிக்கையாளர் சேவையை ஐ.பி.எம்., டெக் மஹிந்திரா, ஸ்பான்கோ கையில் கொடுத்தது. அதாவது, அமெரிக்காக்காரன் நமக்கு வேலையை வெளியே கொடுத்த மாதிரி, இப்போ இந்தியக் கம்பெனி ஆப்பிரிக்கால கொடுக்குது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் நாமளும் அதே கணக்குதான் போட்டோம்.

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்

2020 மார்ச். ஊரடங்கு. கம்பெனிகள் டெஸ்க்டாப்பை மானிட்டரோட வண்டியில ஏத்தி வீடு வீடா இறக்கின காட்சியை உங்கள்ல பலர் பார்த்திருப்பீங்க. அதுவரைக்கும் கால் சென்டர் ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்கணும்னா தொலைத்தொடர்புத் துறை விதிகள், வங்கி உத்தரவாதம்னு ஏகப்பட்ட கெடுபிடி. அவசரத்துக்குத் தளர்த்தினாங்க. 2020 நவம்பரில் விதிகளையே எளிமையாக்கிட்டாங்க. பத்து வருஷம் மானியம் கொடுத்துச் செய்ய முடியாததை ஒரு நோய் செஞ்சிருச்சு. கேபிள் டி.வி.க்காரர் இழுத்த ஃபைபர் லைன்ல, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து ரூம்ல உட்கார்ந்து டெக்ஸஸ் ஆஸ்பத்திரிக் கணக்கு. 2024 செப்டம்பரில் சேலத்துல மினி டைடல் பூங்காவும் திறந்தாங்க.

அடுத்த அலை ஏற்கெனவே வந்திருச்சு. மாவட்டத்தின் அந்தப் பக்கம் மல்லசமுத்திரத்திலும், சேலத்திலும் நெக்ஸ்ட்வெல்த் நிறுவனத்துக்கு மையங்கள் இருக்கு. விப்ரோவின் ஆரம்பகாலத் தொழில்நுட்பத் தலைவர்களில் ஒருவரான ஸ்ரீதர் மிட்டாவும் மைதிலி ரமேஷும் தொடங்கியது. சின்ன ஊர்ப் பட்டதாரிகளை அவங்க ஊர்லயே வேலைக்கு எடுக்கிறதுதான் அவங்க கணக்கு. இங்க இப்போ முக்கியமான வேலை ஏ.ஐ.க்குச் சொல்லிக் கொடுக்கிறது. படத்துல இது கார், இது மனுஷன், இது தெரு நாய்னு கோடு போட்டுப் பேர் எழுதணும். மெஷின் சொன்ன பதில் சரியான்னு பார்க்கணும். இதே வேலை நைரோபியிலும் நடக்குது. சமா என்ற நிறுவனம் அங்க ஓப்பன்ஏஐ-க்காக மோசமான எழுத்துகளைப் படிச்சுத் தரம் பிரிக்க ஆள் வெச்சது, மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலின்னு 2023 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை எழுதினது பெரிய பேச்சாச்சு. அங்க அந்தத் தொழிலாளர்கள் கோர்ட்டுக்கும் சங்கத்துக்கும் போயிருக்காங்க. நம்ம பக்கம் அந்தப் பேச்சு இன்னும் டீக்கடை அளவுக்குக் கூட வரலை.

என்கிட்டப் பேசின ஒரு கோடர் சொன்னதைச் சொல்றேன். இப்பல்லாம் சாஃப்ட்வேரே முதல்ல கோடு போட்டுக் கொடுத்துருதாம். அவங்க சரிபார்த்தா போதும். 'முன்ன நாங்க எழுதுவோம், மேல இருக்கிறவங்க திருத்துவாங்க. இப்ப அது எழுதுது, நாங்க திருத்துறோம். நாங்க திருத்துறதைப் பார்த்து அது கத்துக்குது'ன்னாங்க. மாசா மாசம் அவங்க சம்பளத்துலதான் தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ். அப்பாவோட பண்ணையில் தீவன விலை ஏறின வருஷம் வீட்டைத் தாங்கினதும் அந்தச் சம்பளம்தான். 'அப்புறம் என்ன பண்ணுவீங்க'ன்னு கேட்டேன். 'பயிற்சி மையத்துல சாயங்கால பேட்ச் எடுக்கிறேங்ணா, போன மாசம்கூட இருபது பேர் சேர்ந்தாங்க'ன்னு சொன்னாங்க.

அடுத்த எபிசோடில் திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி. அது எப்படி ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சுன்னு பார்ப்போம். உங்க வீட்டுல யாராவது ரிக் வண்டியில போயிருந்தா எழுதி அனுப்புங்க. வணக்கம்.